சின்ன ஓபன் டாப் கார் வாங்கலாமா? எல்லாரும் என்கிட்ட கேட்கிற கேள்விகளும் என் பதில்களும்

ஆறு வருஷமா ரெண்டு சீட் ஓபன் டாப் கார் ஒண்ணு வச்சிருக்கேன். துணி ரூஃப், கையால மடக்கற டைப். பார்க்கிறவங்க எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறாங்க, சிக்னல்ல நிக்கும்போது பக்கத்துல பைக்ல இருக்கிறவர்கூட கேட்பார், பச்சை விழறதுக்குள்ள பாதி பதில்தான் சொல்ல முடியும். மீதிப் பாதி இங்க. என் வண்டி எந்த கம்பெனின்னு மட்டும் கேட்காதீங்க, நிறைய குறை சொல்லப் போறேன்.

கன்வர்ட்டிபிள், கேப்ரியோலே, ரோட்ஸ்டர் எல்லாம் ஒண்ணுதானா?

பேச்சு வழக்குல எல்லாம் ஒண்ணுதான். ஆனா வாங்கப் போறவங்களுக்கு வித்தியாசம் முக்கியம். ரோட்ஸ்டர்னா பொதுவா ரெண்டே சீட்டு, வரையும்போதே திறந்த வண்டியா வரைஞ்சது, மாஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி. கேப்ரியோலேன்னா ஏற்கனவே இருக்கிற மூடின காரோட தலையை எடுத்துட்டு துணி போட்டது, பின்னாடி ரெண்டு சீட்டும் இருக்கும், மினி, கோல்ஃப் எல்லாம் இந்த ஜாதி. மூணாவதா ஒண்ணு இருக்கு: பக்கத்து சட்டமெல்லாம் அப்படியே நிக்கும், நடுவுல துணி மட்டும் பாய் சுருட்டற மாதிரி பின்னாடி போகும். 2009ல வந்த ஃபியட் 500சி அப்படித்தான், 1991ல வந்த நிஸான் ஃபிகாரோவும் அப்படித்தான். அது பெரிய சன்ரூஃப்தானே, முழு ஓபன் இல்லையேன்னு சிலர் கிண்டல் பண்ணுவாங்க, எனக்கென்னவோ முதல் தடவை வாங்கறவங்களுக்கு அதுதான் தொந்தரவு கம்மின்னு தோணுது.

அப்படி என்னதான் சுகம் அதுல? பந்தாவுக்குத்தானே?

முதல் மாசம் பந்தாதான், மறைக்க ஒண்ணுமில்ல. அதுக்கப்புறம் யாரும் பார்க்காத நேரத்துலயும் ரூஃபைத் திறக்க ஆரம்பிச்சீங்கன்னா உங்களுக்கு இது ஒத்துப்போச்சுன்னு அர்த்தம்.

மூடின கார்ல தெரியாத விஷயங்கள் இதுல தெரியும். மரம் அடர்ந்த இடத்துக்குள்ள நுழையும்போது குளிர்ச்சி முதல்ல முகத்துல படும், அப்புறம்தான் நிழல் கண்ணுக்குத் தெரியும். எங்கயோ மழை பெஞ்சிருக்குன்னா ரெண்டு வளைவு முன்னாடியே மண் வாசனை வந்துடும். ராத்திரி காலி ரோட்டுல போனா தவளை சத்தம் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும். இதெல்லாம் பைக் ஓட்டறவங்களுக்கு பழகினது, ஆனா இங்க உட்கார்ந்துகிட்டு, பக்கத்துல ஒருத்தர்கிட்ட பேசிக்கிட்டே கிடைக்குது.

இன்னொண்ணு, இதுக்கு வேகம் வேண்டாம். சின்ன வண்டி, தரையோட தாழ்வா உட்கார்றோம், தலைக்கு மேல ஒண்ணுமில்ல, அதனால மணிக்கு 50 கிலோமீட்டரே நல்லா பறக்கற மாதிரி இருக்கும். என்னைக் கேட்டா இந்த வகை வண்டியோட மொத்த ரகசியமும் இதுதான், பெரிய எஞ்சின் போட்ட ஓபன் கார்கள் 100க்கு மேல போனாத்தான் குஷி குடுக்கும், அந்த வேகத்துல காத்து அடிக்கற அடியில குஷியே போயிடும்.

சின்ன எஞ்சின் போதுமா அப்போ?

தாராளமா போதும். 1989ல சிகாகோ ஆட்டோ ஷோவுல முதல் எம்எக்ஸ்-5 வந்தப்போ அதுல இருந்தது 1.6 லிட்டர் எஞ்சின், எடை ஒரு டன்னுக்கும் கொஞ்சம் கம்மி. அந்த வண்டியைத்தான் உலகம் வாங்கித் தள்ளுச்சு, 2016ல பத்து லட்சமாவது வண்டி ஃபேக்டரியை விட்டு வெளிய வந்துச்சு, அதிகம் வித்த ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்னு கின்னஸ் சாதனையும் அதுக்குத்தான். குதிரையும் ஓட்டறவனும் ஒண்ணாயிடறதுக்கு ஜப்பான்காரங்க 'ஜின்பா இத்தாய்'னு ஒரு வார்த்தை வச்சிருக்காங்க, அதைச் சொல்லித்தான் அந்த வண்டியை வடிவமைச்சாங்க. அதைவிடச் சின்னதும் இருக்கு, ஜப்பான்ல கெய் கார்னு ஒரு குட்டிக் கார் வகை இருக்கு, அந்த விதிப்படி வந்த ஹோண்டா பீட், சுஸூகி கப்புச்சினோ, டைஹாட்சு கோப்பன் எல்லாமே 660 சிசிதான். அதை வச்சுக்கிட்டு விடமாட்டேன்னு அடம் பிடிக்கறவங்க இன்னும் இருக்காங்க.

ரூஃபை எடுத்துட்டா வண்டி வீக் ஆயிடாதா?

ஆகும். ஷூ வர்ற அட்டைப்பெட்டியை மூடியோட முறுக்கிப் பாருங்க, அப்புறம் மூடியை எடுத்துட்டு முறுக்கிப் பாருங்க. கார்லயும் அதே கதைதான், ரூஃப்ங்கறது மழைக்கு மட்டும் இல்ல, பாடி முறுக்காம பிடிச்சு வைக்கறதே அதுதான். அது போனதும் கதவுக்குக் கீழ இருக்கற சட்டத்தை தடியாக்கணும், அடியில குறுக்குக் கம்பி போடணும், முன் கண்ணாடி ரெண்டு பக்கமும் இருக்கற தூணை பலமாக்கணும். இத்தனையும் இரும்பு, இத்தனையும் எடை, அதனால ரூஃப் இல்லாத வண்டி ரூஃப் இருக்கற அண்ணனைவிட கனமா இருக்கறது சகஜம். கேட்டா யாரும் நம்ப மாட்டாங்க.

இவ்வளவு பண்ணியும் குழியில இறங்கும்போது டாஷ்போர்டு லேசா உதறும், உள் கண்ணாடியில பின்னாடி வர்ற வண்டி ரெண்டு ரெண்டா தெரியும். மூடின காரை வெட்டி செஞ்சதுல இது அதிகம், ஆரம்பத்துலயே ஓபனா வரைஞ்சதுல கம்மி. டெஸ்ட் டிரைவுக்குப் போனா நல்ல ரோட்டுல ஒரு சுத்து சுத்திட்டு வந்துடாதீங்க, மோசமான ரோடு ஒண்ணைத் தேடிப் போய் ஓட்டிப் பாருங்க.

உருண்டா என்ன ஆகும்? வீட்ல இதைத்தான் கேட்கறாங்க.

வீட்ல கேட்கறது சரியான கேள்வி. பல வண்டிகள்ல முன் கண்ணாடியோட ஃபிரேமே எடை தாங்கற மாதிரி செஞ்சிருப்பாங்க, சீட்டுக்குப் பின்னாடி வளையம் இருக்கும். சிலதுல வளையம் உள்ளயே ஒளிஞ்சிருந்து, வண்டி கவிழப் போகுதுன்னு சென்சார் சொன்னதும் கண் சிமிட்டற நேரத்துல மேல எழும்பும், 1989ல மெர்சிடிஸ் எஸ்எல்ல வந்த ஏற்பாடு அது. 1979ல வந்த கோல்ஃப் கேப்ரியோலேல வளையத்தை மறைக்காம நடுவுல அப்படியே நிறுத்திட்டாங்க, கைப்பிடி வச்ச கூடை மாதிரி இருக்குன்னு ஜெர்மன்காரங்க அதுக்கு ஸ்ட்ராபெரிக் கூடைன்னே பட்டப்பேர் வச்சாங்க.

ஆனா எந்த வளையமா இருந்தாலும் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாத்தான் பிரயோஜனம். நீங்க உயரமா இருந்தா உட்கார்ந்துட்டு யாரையாவது பக்கத்துல இருந்து பார்க்கச் சொல்லுங்க, முன் ஃபிரேமுக்கும் பின் வளையத்துக்கும் நடுவுல ஒரு கோடு போட்டா தலை அதுக்குக் கீழ இருக்கணும். கல்யாண ஊர்வலத்துல வர்ற மாதிரி சீட் மேல உட்கார்ந்து கையாட்டறதெல்லாம் வண்டி ஓடும்போது வேண்டவே வேண்டாம்.

துணி ரூஃபா, இரும்பு ரூஃபா?

இதுல நான் கட்சிக்காரன், துணி கட்சி. ஆனா எதிர்க்கட்சி சரித்திரத்தையும் சொல்லிடறேன்.

இரும்பு ரூஃபை மோட்டார் வச்சு மடக்கி டிக்கிக்குள்ள அனுப்பறதை 1930கள்லயே பூஜோ விக்க ஆரம்பிச்சாச்சு. அப்புறம் ரொம்ப நாள் அந்த யோசனை தூங்குச்சு. 1996ல மெர்சிடிஸ் எஸ்எல்கே வந்ததும் மறுபடி எல்லாருக்கும் ஆசை வந்துடுச்சு, பூஜோ 206 சிசி (சிசிங்கறது இங்க மாடல் பேரு, எஞ்சின் அளவு இல்ல) அதைச் சின்ன காருக்குக் கொண்டு வந்துச்சு, பின்னாலயே ஓப்பல் டிக்ரா, நிஸான் மைக்ரான்னு ஒரு அலை. கொஞ்ச வருஷத்துல அந்த அலை அப்படியே வடிஞ்சு போச்சு. பிஎம்டபிள்யூ இசட்4 2009ல இரும்புக்கு மாறி, 2018ல வந்த அடுத்த மாடல்ல திரும்பத் துணிக்கே வந்துடுச்சுன்னா பார்த்துக்கோங்க.

காரணம் லேசானதுதான். இரும்பு ரூஃப் மூடியிருக்கும்போது சாதாரண கார் மாதிரியே அமைதியா இருக்கும், யாரும் பிளேடால கிழிக்க முடியாது, அது பெரிய ப்ளஸ். ஆனா திறந்தா டிக்கி காலி, எடை மேல ஏறுது, மோட்டார், பம்ப், கீல், சென்சார்னு ஒரு பட்டாளமே உள்ள இருக்கு. டிக்கிக்குள்ள ஒரு தடுப்பு இருக்கும், அது கொக்கியில சரியா மாட்டலன்னா ரூஃப் நகரவே நகராது. தெரிஞ்சவர் ஒருத்தர் மோட்டார் போச்சுன்னு மூணு நாள் தூக்கமில்லாம இருந்தார், கடைசில பார்த்தா தடுப்பு ஒரு பக்கம் கழண்டிருந்துச்சு.

கையால மடக்கறதா, பட்டன் அமுக்கறதா?

கை. ரெண்டு கொக்கி, ஒரு தள்ளு, முடிஞ்சது. பட்டன் வண்டிகள்ல நல்ல வசதி என்னன்னா ஓட்டிக்கிட்டே திறக்கலாம், 2016 வாக்குல வந்த மினில 18 செகண்ட், மணிக்கு 30 கிலோமீட்டர் வரைக்கும் வேலை செய்யும், திடீர் மழைக்கு அது உண்மையிலேயே உபயோகம்தான், மறுக்க மாட்டேன். ஆனா வயசான வண்டி வாங்கறீங்கன்னா அந்த மோட்டாருக்கும் அதே வயசுன்னு ஞாபகம் வச்சுக்கோங்க. பாதியில நின்னுபோன ரூஃபோட மழையில நிக்கறது மாதிரி பரிதாபம் வேற இல்ல.

மழை பெஞ்சா ஒழுகுமா?

எனக்கு ரொம்பத் தெரிஞ்ச சப்ஜெக்ட் இதுதான், கொஞ்சம் நீளமா சொல்றேன்.

நல்ல துணி ரூஃப் மழைக்கு ஒழுகாது. ஒழுகறது பெரும்பாலும் துணி வழியா இல்ல, கண்ணாடியும் ரூஃபும் சேர்ற ரப்பர் வழியா, இல்லன்னா தண்ணி போக வேண்டிய ஓட்டை அடைச்சுக்கிட்டதால. இந்த ஓட்டை விஷயத்தை வாங்கும்போது எனக்கு யாரும் சொல்லல. ரூஃப் மேல விழற தண்ணி வழிஞ்சு பின்னாடி ஒரு சின்ன வாய்க்கால்ல சேரும், அங்கிருந்து குழாய் வழியா வண்டிக்கு அடியில போய் விழும். மரத்தடியில நிறுத்தினா இலை, பூ, தூசி எல்லாம் அந்தக் குழாய் வாயில போய் உட்கார்ந்துக்கும். தண்ணி போக வழியில்லாம நிரம்பி உள்ள இறங்கும்.

எனக்கு ரெண்டாவது வருஷம் நடந்துச்சு. முதல்ல ஒரு நாத்தம், ஈரத்துணியை ரெண்டு நாள் பக்கெட்லயே விட்ட மாதிரி. அப்புறம் காலையில கண்ணாடி எல்லாம் உள் பக்கம் பனி. சீட்டுக்குப் பின்னாடி கார்ப்பெட்டைத் தொட்டா மேல காய்ஞ்சிருக்கு, அமுக்கினா தண்ணி வருது. ஒர்க்‌ஷாப்ல காட்டினேன், பார்த்த உடனே மொத்த ரூஃபையும் மாத்தணும்னாங்க, ஒரு பெரிய தொகையும் சொன்னாங்க. நல்லவேளை பணம் இல்ல. வீட்டுக்கு வந்து டார்ச் அடிச்சுப் பார்த்தா குழாய் வாயில சேறு மாதிரி மக்கின இலை, வளையற பிளாஸ்டிக் ஒயரை மெதுவா விட்டு எடுத்து, ஒரு சொம்பு தண்ணி ஊத்தினேன், சக்கரத்துக்குப் பக்கத்துல கடகடன்னு கொட்டுச்சு. செலவு ஒண்ணுமில்ல, ஆனா கார்ப்பெட்டைக் கழட்டி காயவைக்க ஒரு வாரம் ஆச்சு. அன்னிலேர்ந்து மழைக்காலத்துக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை சொம்போட நிப்பேன். கம்பியை மட்டும் விட்டுக் குத்தாதீங்க, குழாய் உள்ள கழண்டுட்டா அப்புறம் நிஜமாவே செலவு வரும்.

திறந்து போகும்போது மழை வந்தா?

ஓடிக்கிட்டே இருந்தா லேசான தூறல் தலைக்கு மேலயே போயிடும், முன் கண்ணாடி காத்தைத் தூக்கி விடறதால. அந்த தைரியத்துல போய்க்கிட்டே இருப்பீங்க, சிக்னல் சிவப்பு விழும், அப்போ தெரியும்.

துணியை எப்படிப் பராமரிக்கறது?

ஈரத்தோட மடக்கி நாள்கணக்கா விடாதீங்க, பூஞ்சை பிடிக்கும். அவசரத்துக்கு மடக்கினா வீடு வந்ததும் விரிச்சுக் காயவிடுங்க. பிரஷர் வாஷ் குழாயை பக்கத்துல வச்சு அடிச்சா தையலும் ரப்பரும் போயிடும், சாஃப்ட் பிரஷ், தண்ணி, துணி ரூஃபுக்குன்னே வர்ற சோப்பு போதும், வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை தண்ணி ஒட்டாத ஸ்ப்ரே. பறவை எச்சம் விழுந்தா அன்னிக்கே துடைங்க, நாளைக்குன்னா கறை உங்க கூடவே வாழும். கதவுல கண்ணாடிக்கு ஃபிரேம் இருக்காது, கண்ணாடி நேரா ரப்பர்லதான் போய் முட்டும், அதனால அந்த ரப்பருக்கும் அப்பப்போ ரப்பர் கேர் தடவணும், இல்லன்னா காய்ஞ்சு கிரீச்சுன்னு கத்தும்.

பழைய வண்டிகள்ல பின் கண்ணாடி பிளாஸ்டிக்கா இருக்கும், வெயில்ல மஞ்சளாகி, மடிச்ச இடத்துல விரிஞ்சு, கடைசில வெளிய எதுவும் தெரியாது. முதல் எம்எக்ஸ்-5ல அப்படித்தான், ஜிப்பைக் கழட்டி படுக்கவச்சுட்டுத்தான் ரூஃபை மடக்கணும், அடுத்த மாடல்ல நிஜக் கண்ணாடியே குடுத்துட்டாங்க.

வெயில் காலத்துல ஜாலியா இருக்குமே?

இதுதான் எல்லாரும் ஏமாந்து போற இடம், நானும் ஏமாந்தேன். உச்சி வெயில்ல ரூஃபைத் திறந்து டிராஃபிக்ல நின்னா தோசைக்கல்லுல உட்கார்ந்த மாதிரிதான். மூடின கார்ல முன் கண்ணாடி புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துடும், இங்க மேல தடுக்க ஆளே இல்ல, காத்து அடிக்கறதால சுடறதும் தெரியாது, ராத்திரி கண்ணாடியில பார்த்தா மூக்கும் நெத்தியும் சிவந்து எரியும். சன்ஸ்கிரீன், கழுத்து மூடற தொப்பி ரெண்டும் வண்டியிலயே இருக்கணும். லெதர் சீட்டா இருந்தா இறங்கும்போது மேல ஒரு துண்டு போட்டுட்டுப் போங்க.

அதிகாலை, சாயங்காலம், ராத்திரி, இந்த மூணும்தான் இந்த வண்டியோட நேரம்.

குளிர்ல?

வெயிலைவிட குளிர்தான் பெஸ்ட், சத்தியமா. ஜன்னல் கண்ணாடியை ஏத்திக்கிட்டு, ஹீட்டரை காலுக்கு முழுசா வச்சு, ஒரு குல்லா போட்டா உடம்பு கதகதன்னு, முகம் மட்டும் சில்லுன்னு இருக்கும். வெந்நீர்ல குளிச்சுக்கிட்டே ஜன்னல் வழியா மழை பார்க்கற சுகம். 2004ல வந்த அடுத்த மெர்சிடிஸ் எஸ்எல்கே மாடல்ல சீட்டோட தலைப்பக்கத்துலேர்ந்து கழுத்துக்கு சூடான காத்து ஊதற ஏற்பாடு வச்சாங்க, படிச்சப்போ சிரிச்சேன், ஒரு தடவை உட்கார்ந்து பார்த்ததுக்கு அப்புறம் சிரிக்கல.

காத்து, சத்தம், தலைமுடி?

காத்து முன்னாடிலேர்ந்து அடிக்கும்னு நினைப்போம், உண்மையில அடிக்கறது பின்னாடிலேர்ந்து. தலைக்கு மேல போற காத்து சீட்டுக்குப் பின்னாடி இறங்கி சுழன்று பிடரியில திரும்ப வரும். அதனாலதான் சீட்டுக்குப் பின்னாடி வலைத்தடுப்பு ஒண்ணு மாட்டறாங்க, அது பார்க்க அற்பமா இருக்கும், ஆனா மாட்டினதும் பாதி காத்து அடங்கிடும். பக்கத்துக் கண்ணாடியையும் ஏத்திட்டா சாதாரணமா பேசலாம். நீளமுடி இருக்கறவங்க கட்டிக்கோங்க, வேற வழியில்ல.

மூடியிருக்கும்போதும் துணி ரூஃப்ல சத்தம் ஜாஸ்திதான். ஹைவேல லாரி பக்கத்துல போனா அதோட டயர் உங்க காதுக்குள்ளயே ஓடும். தினமும் நெடுந்தூரம் வேகமா போறவங்களுக்கு இந்த ஒரு காரணமே வேண்டாம்னு சொல்லப் போதும்.

டிக்கி எவ்வளவு இருக்கும்?

இப்போ இருக்கற எம்எக்ஸ்-5ல 130 லிட்டர். ரெண்டு சின்னப் பை, அவ்வளவுதான், அதுவும் துணிப்பையா இருக்கணும், கெட்டிப் பெட்டி வாய்க்குள்ளயே போகாது. 2016 மினில ரூஃப் மூடியிருந்தா 215 லிட்டர், திறந்தா 160. ஏர்போர்ட்டுக்கு ரெண்டு பேரைக் கூப்பிடப் போகாதீங்க, உங்களுக்கே இடம் இருக்காது.

குழந்தை இருக்கு, சமாளிக்கலாமா?

நாலு சீட் மாடல்னா குழந்தைகள் பின்னாடி உட்காரலாம், பெரியவங்க உட்கார்ந்தா கால் எங்க வைக்கறதுன்னு தேடுவாங்க. பின்னாடி காத்தும் ரொம்ப அடிக்கும், முன்னாடி இருக்கற அப்பா அம்மாவுக்கு அது தெரியவே தெரியாது, அதனால பசங்க கத்தினா நம்புங்க. ரெண்டு சீட் வண்டில கைக்குழந்தையை பின்பக்கம் பார்த்த சீட்டுல வைக்கணும்னா அந்தப் பக்க ஏர்பேக்கை ஆஃப் பண்ற வசதி கட்டாயம் இருக்கணும், இல்லாத வண்டியில வைக்கவே கூடாது.

திருட்டு பயம்?

வண்டியைவிட உள்ள இருக்கறதுக்குத்தான் பயம். துணியைக் கிழிக்க ஒரு பிளேடு போதும், பத்து ரூபாய் சாமானுக்காக பல ஆயிரம் ரூபாய் ரூஃபைக் கிழிச்சுட்டுப் போயிடுவாங்க. சில ஓனர்கள் உள்ள ஒண்ணுமே வைக்காம கதவைப் பூட்டாமலே விடுவாங்க, கிழிக்காம திறந்து பார்த்துட்டுப் போகட்டும்னு, கேட்க விநோதமா இருந்தாலும் அதுல ஒரு கணக்கு இருக்கு. ஆனா இன்ஷூரன்ஸ்ல அப்படி விட்டா கிளைம் தருவாங்களான்னு முதல்ல படிச்சுப் பாருங்க. நான் பூட்டறேன், ஆனா ஒரு சில்லறைகூட கண்ணுல படற மாதிரி வைக்க மாட்டேன்.

மைலேஜ் குறையுமா?

ஊருக்குள்ள பெருசா தெரியாது. ஹைவேல ரூஃபைத் திறந்து வேகமா போனா குறையும், திறந்த உள்பகுதி காத்தைப் பிடிச்சு இழுக்கும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கினா எதைப் பார்க்கணும்?

எஞ்சினை எல்லாரும் பார்ப்பாங்க, நீங்க கார்ப்பெட்டை அமுக்குங்க. சீட்டுக்குப் பின்னாடி, காலடியில, டிக்கி அடியில ஸ்டெப்னி இருக்கற குழியில, ஈரமோ துருவோ இருக்கான்னு விரலை விட்டுப் பாருங்க. மூக்கையும் உபயோகிங்க, உள்ள தூக்கலா சென்ட் வாசனை அடிச்சா ஏதோ மறைக்கறாங்க. ரூஃபை நீங்களே அஞ்சு தடவை திறந்து மூடுங்க, ஒரு தடவை பத்தாது, மோட்டார் வச்சதுன்னா சூடானதுக்கு அப்புறம்தான் சுயரூபம் தெரியும். துணி மடியற மூலையில தேஞ்சு நூல் தெரியுதா பாருங்க. கதவுக்குக் கீழ இருக்கற சட்டத்துல துரு இருந்தா பேசாம திரும்பி வந்துடுங்க, மேல சொன்ன மாதிரி அந்த வண்டியோட முதுகெலும்பே அதுதான். முடிஞ்சா மழை நாள்ல போய்ப் பாருங்க, விக்கறவருக்குப் பிடிக்காது.

ரூஃப் மூடினா பின்னாடி தெரியுமா?

சரியா தெரியாது. பின் கண்ணாடி சின்னது, ரெண்டு மூலையிலயும் துணி அகலமா மறைக்கும், லேன் மாறும்போது பைக் ஒண்ணு அந்த மறைவுல முழுசா காணாம போயிடும். பழகற வரைக்கும் கழுத்தை நல்லா திருப்பிப் பாருங்க.

உண்மையைச் சொல்லுங்க, எத்தனை நாள் திறந்து ஓட்டறீங்க?

2009ல வந்த மினி கன்வர்ட்டிபிள்ல இதுக்குன்னே ஒரு மீட்டர் குடுத்தாங்க, எத்தனை மணி நேரம் திறந்து ஓட்டினீங்கன்னு கணக்கு வச்சுக்கும். என் வண்டியில அது இல்லாதது நல்லதுதான். முதல் வருஷம் தினமும் திறந்தேன், இப்போ வாரத்துல மூணு நாள் இருக்கும், நாலு கிலோமீட்டர், அஞ்சு கிலோமீட்டர்னு சின்னச் சின்ன தூரம். நேத்து ராத்திரி குப்பை போட கீழ இறங்கினவன், சாவி பாக்கெட்ல இருந்துச்சு, காத்து நல்லா இருந்துச்சு, வீட்டுக்குத் திரும்பி வர அரை மணி நேரம் ஆச்சு.